பச்சைத் தண்ணீரில் ஊறும் துணி

மார்ச் 9, திங்கள். இன்றைய தப்பு: பெரியம்மாவின் போர்வையை வெந்நீரில் போட்டுவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவள் மதியமே நாட்குறிப்பில் எழுதிவிட்டாள். மாலை வகுப்பு ஆசிரியர் சொல்லிக்கொடுத்த முறை அது. ஒரு நாளுக்கு ஒரு தப்பு, மறுநாளுக்கு ஒரு வேலை. தப்பை எழுதியாயிற்று. வேலைக்கான இடம் காலியாகவே கிடந்தது. பெரியம்மா இல்லாத முதல் காலையில் என்ன வேலை இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெரியம்மாவின் உயிர் விடியற்காலையில் மருத்துவமனையில் போயிற்று. அவள் மேல் கிடந்த போர்வையும் உடலோடு வண்டியில் வந்தது. கீழே சலவைக் கடை, மேலே வீடு. மேலே உறவுக்காரர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் போர்வையைக் கீழே எடுத்துவந்து, யோசிக்காமல் கொதிகலன் தண்ணீரில் முக்கினாள். தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏய், என்னடி பண்ற? ரத்தக் கறைய யாராவது வெந்நீர்ல போடுவாங்களா? அப்படியே புடிச்சுக்கும். உன் பெரியம்மா மட்டும் பார்த்திருந்தா எழுந்து வந்து முதுகுல ரெண்டு வச்சிருப்பா."

"மறந்துட்டேன்மா."

"சலவைக் கடையில பொறந்துட்டு இது எப்படி மறக்கும்? பச்சைத் தண்ணி, உப்பு, காயறதுக்குள்ள. முடிஞ்சுது கதை."

அக்கா தங்கை இருவருக்கும் இருந்த ஒரே கர்வம் அதுதான். எந்தக் கறையையும் இருந்த இடம் தெரியாமல் எடுத்துவிடுவார்கள். மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் கழித்துப் பெரியம்மாவுக்கு மறுபடி ரத்தம் பட்டபோதும் அதைத்தான் செய்தார்கள். பெரியம்மா கடையைத் திறக்கும் முன்பே எழுந்து துணியை அலசிவிடுவாள். "வயசு திரும்புதுடி எனக்கு. மாப்பிள்ளை பாருங்க" என்று சிரிப்பாள். அம்மாவும் சிரிப்பாள். துணி பளிச்சென்று காயும். பளிச்சென்று இருந்ததால் யாரும் எதையும் பார்க்கவில்லை. ஊரார் அழுக்கையெல்லாம் ஒன்றுவிடாமல் பிரித்துப் பார்த்த குடும்பத்துக்குச் சொந்தத் துணியை மட்டும் உற்றுப் பார்க்கத் தெரியவில்லை.

பெரியம்மா ஒரே ஒரு முறை டாக்டரிடம் போனாள். அந்த மனிதர் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே நுழைந்த உடம்பைப் பார்த்தார், பார்த்ததே போதும் என்று தோன்றியிருக்க வேண்டும். "முதல்ல எடையைக் குறைங்க. மத்ததெல்லாம் தானா சரியாயிடும்." பெரியம்மா வீட்டுக்கு வந்து ராச்சாப்பாட்டை நிறுத்தினாள். எடை கொஞ்சம் குறைந்தது. ரத்தம் குறையவில்லை. மறுபடி அந்தப் பேச்சைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் மயங்கி விழுந்து, தூக்கிக்கொண்டு போய்ச் சோதித்தபோது கர்ப்பப்பையைத் தாண்டி வயிறு முழுக்கப் பரவியிருந்தது.

கோப்பைகளோடு அவள் மேலே போனபோது மாமா பேசிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அண்ணன், பெரியம்மாவுக்குத் தம்பி. ஏதோ அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்பில் கையெழுத்துப் போட்டுப் போட்டு, எதைப் பற்றியும் கடைசித் தீர்ப்பு தன்னுடையதே என்று பழகிவிட்டவர். அக்காவுக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்ததும் அவர்தான். இப்போது அக்காவின் தலைமாட்டிலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வாயக் கட்டல. அதான் காரணம். நான் எத்தனை தடவ சொல்லியிருப்பேன்!"

"கல்யாணம்னு ஒண்ணு பண்ணிக்கிட்டு ஒரு குழந்தையாவது பெத்திருக்கலாம்" என்றாள் பக்கத்து வீட்டு டீச்சர். "பயன்படாத உறுப்பு கெட்டுத்தான் போகும். நான் பாடமே நடத்தியிருக்கேன்."

டீச்சர் நடத்தியது பூகோளம்.

"அதோட நாள் பூரா நீராவியில நிக்கிறது. சூடு கர்ப்பப்பையில இறங்கிடும்" என்றார் இன்னொருவர். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். செத்தவளைத் தவிர அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அவள் செத்த காரணம் தெரிந்திருந்தது. அவரவர் காரணத்தோடு ஆளுக்கொரு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

புற்றுநோய்ப் பிரிவின் பெண் டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. "கொழுப்பு அதிகமா இருந்தா உடம்புல ஒரு ஹார்மோன் கூடும், அது கர்ப்பப்பையோட உள்சவ்வ வளர்த்துக்கிட்டே இருக்கும். சர்க்கரை நோய், மாதவிலக்கு லேட்டா நிக்கிறது, குழந்தை பெறாதது, இதெல்லாம் ஆபத்தக் கூட்டும். கூட்டும்னுதான் சொல்றேன். இவங்க பண்ணின குத்தம்னு சொல்லல." பிறகு டாக்டர் நிமிர்ந்து கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது குடல்ல புத்துநோய் வந்திருக்கா? சில குடும்பங்கள்ல ரெண்டும் சேர்ந்து ஓடும். ஒல்லியா இருந்தாலும் வரும், பிள்ளை பெத்திருந்தாலும் வரும்."

"இல்ல டாக்டர். எங்களுது இரும்பு உடம்பு" என்று மாமா முந்திக்கொண்டார். அம்மா தரையைப் பார்த்தாள்.

பெரியம்மாவுக்குப் போர்த்த வெள்ளைத் துணி கேட்டார்கள். அவள் மறுபடி கீழே வந்தாள். அலமாரியில் மடித்த துணியை எடுத்துத் திரும்பும்போது, இஸ்திரி மேசைக்கு அடியில் ஒரு வாளி காலில் இடித்தது. மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தது. திறந்தாள். பச்சைத் தண்ணீர். அடியில் கரையாத உப்பு. நடுவில் ஒரு சாம்பல் நிற உள்பாவாடை. தண்ணீர் வெளிர் சிவப்பாக இருந்தது.

முதலில் பெரியம்மாவுடையது என்றே நினைத்தாள். ஆனால் பெரியம்மா படுக்கையை விட்டு எழுந்தே பல நாளாயிற்று. நாடாவின் முடிச்சைப் பார்த்தாள். பெரியம்மாவின் பாவாடைக்குள் இரண்டு அம்மாக்கள் நிற்கலாம். இது குறுகிய இடுப்பு. அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று, போன மழைக்காலத்தோடு மூன்று வருடம்.

தட்டை இருந்தபடியே மூடினாள். வெள்ளைத் துணியோடு மேலே போனாள்.

மேலே மாமா அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். "நீ எதுக்குப் பயப்படற? ஒடிச்சா ஒடியற உடம்பு. ரெண்டு பெத்திருக்க. உனக்கெல்லாம் இது வராது."

"அதான்ணே" என்றாள் அம்மா. தேர்வில் பாஸ் என்று கேட்டவள் போல அவள் முகம் தளர்ந்தது.

"மாமா, தாத்தாவுக்குக் குடல்ல கட்டின்னுதானே ஆபரேஷன் பண்ணினாங்க?"

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது.

"வயித்துக் கோளாறு அது. யார் சொன்னா உனக்குக் கட்டின்னு?"

"பெரியம்மாதான்."

"மூட்டை ஆயிரம் சொல்லும். எம் பொண்ணுக்கு வரன் வந்துட்டிருக்கு. பிணத்த வச்சுக்கிட்டு வம்சத்துமேல சேறு வாரி இறைக்கறியே, உன் மாலை வகுப்புல இதான் சொல்லிக் குடுக்கறாங்களா?"

டீச்சர் 'உச்' கொட்டினாள். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வெள்ளைத் துணியின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். அதில் மடிப்பே இல்லை.

மாலையில் வண்டி வந்தது. பெரியம்மாவைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. படியில் இறங்கும்போது மாமா முனகினார்: "இப்பவும் மூட்டைதான்." ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். வாழ்நாள் முழுக்க அவள் வெளுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டைதான் அந்த இருவர் மேலும் இருந்தது.

எல்லோரும் சுடுகாட்டுக்குப் போய்க் காரியத்தை முடித்துத் திரும்பிக் கலைந்தார்கள். விளக்கைப் போடாமல் அம்மா கீழே இறங்கி வருவதை அவள் கேட்டாள். இஸ்திரி மேசைமேலேயே உட்கார்ந்திருந்தாள். காலடியில் வாளி.

"இங்க என்னடி பண்ற?"

"எத்தனை நாளாம்மா?"

அம்மா குனிந்து வாளியின் பிடியைப் பிடித்தாள். மகள் காலால் அதை உள்ளே தள்ளினாள்.

"உன் பெரியம்மாவ நினைச்சு உடம்பு அலண்டு போயிருக்கும். அவ்வளவுதான். ரெண்டு தடவதான் பட்டுது."

"பெரியம்மாவும் ரெண்டு தடவதான்னு சொன்னாங்க. நீங்க சிரிச்சீங்க."

"எனக்கு எதுக்குடி அது வரப்போகுது? மாமா சொன்னது கேக்கலையா? நான் என்ன அவள மாதிரியா இருக்கேன்?" சொல்லிவிட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மேசையின் அந்தப் பக்கத்தில் பெரியம்மா நின்று நின்று தேய்ந்த தரைப் பலகை வெளுத்துத் தெரிந்தது.

"நாளைக்குப் போய்க் கேட்டுட்டு வந்துடலாம்மா. ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். எனக்கு என்ன தெரியும், நான் தப்பா நினைச்சிருக்கலாம். டாக்டர் சொன்னா சரி."

"அங்க போனா கேப்பாங்களே. அப்பாவுக்கு என்ன வந்துதுன்னு."

"சொல்லுங்க."

"அண்ணன் மூஞ்சியில முழிக்க முடியாது."

"அந்த மூஞ்சியில முழிச்சு என்ன ஆகப்போகுது?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாக முடியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழக்கம் விடாமல் சொன்னாள்: "சரி, அதையாவது அலசிப் போடுறேன். ஊறினது போதும்."

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

டாக்டருக்கு அந்தத் துணி தேவைப்படாது என்று அவளுக்குத் தெரியும். காலையில் அது கொடியில் பளிச்சென்று காய்ந்தால், அம்மா எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லிவிடுவாள். விளக்கைப் போட்டு, வாளியிலிருந்து பாவாடையை எடுத்தாள். பிழியவில்லை. சொட்டச் சொட்டக் கம்பியில் போட்டாள். பாதி போயிருந்தது கறை. மீதி இருந்தது. அம்மா அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அலசாமல்.

அவள் நாட்குறிப்பைத் திறந்து காலியிடத்தில் எழுதினாள்.

நாளைய வேலை: காலையில் கடை திறப்பதில்லை. அம்மாவைப் புற்றுநோய்ப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். தாத்தாவைப் பற்றி நானே சொல்லிவிட வேண்டும்.