ஜோடி வரிசை

எங்கள் டிராக்டர் என்னைவிட ஒன்பது வயது மூத்தது. சிவப்புச் சாயம் வெளுத்து, இருக்கையில் சாக்கு மடித்துப் போட்டு, பார்ப்பதற்குப் பழைய இரும்புக் கடைக்குக் கிளம்பியதுபோல இருக்கும். ஆனால் காலையில் சோக்கை இழுத்து, ஹேண்டில் போட்டு இரண்டு சுற்று சுற்றினால் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது சுற்று தேவைப்பட்டால் தப்பு டிராக்டர் மேல் இல்லை, சுற்றுகிறவர் மேல். இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. அதன் வயிற்றைப் பதினைந்து வருஷமாகப் பிரித்து மாட்டுகிறவள் நான்தான்.

வயல் எனக்கும் அண்ணனுக்கும் பொது. விதைப்பது அவன், களை எடுப்பது நான். போன வருஷம் அவன் விதைத்துவிட்டு வந்த அன்று, ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற பத்துப் பேர் முன்னால் நான் வயலைப் பார்த்துச் சிரித்தேன். "என்னண்ணா, கண்ணை மூடிட்டு ஓட்டினியா? பாம்பு போன தடம் மாதிரி இருக்கு?" என்றேன். பத்துப் பேரும் சிரித்தார்கள். அவன் இன்ஜினை அணைத்தான், சாவியை என் கையில் வைத்தான், போய்விட்டான். அதோடு சரி. பதினோரு மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் நான் எதற்குப் பேச வேண்டும்? நானும் பேசவில்லை. வீம்பு எங்கள் இரண்டு பேருக்கும் சமமாகத்தான் கிடைத்திருக்கிறது.

நடுவில் மாட்டிக்கொண்டது அண்ணி. அவன் சொல்வதை அண்ணி என்னிடம் சொல்வாள், நான் சொல்வதை அவனிடம் கொண்டுபோவாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஷெட்டில் நான்கடி தள்ளி நின்றால்கூட இதே கதைதான். "உங்க வீட்டுக்காரர்கிட்ட கிரீஸ் கன் எங்கன்னு கேளுங்க அண்ணி" என்பேன். "அவ பின்னாடிதான் இருக்குன்னு சொல்லு" என்பான் அவன். அண்ணி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலியோடு வீட்டுக்குப் போவாள். வெளியே நான் சிரித்துக்கொண்டேன். உள்ளே எனக்கு ஒன்றும் நன்றாக இல்லை. எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

இந்த வருஷம் மக்காச்சோளம் ஒரு சாண் உயரம் வந்தபோது களை விரல் உயரம் வந்திருந்தது. நாளை மறுநாள் சாயங்காலம் மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். மழை விழுந்தால் பத்து நாளைக்கு வயலில் சக்கரம் இறங்காது. பத்து நாளில் களை சோளத்தை அமுக்கிவிடும், சோளமும் டிராக்டரின் அடிவயிற்றில் இடிக்கும் உயரத்துக்குப் போய்விடும். பிறகு அந்த வயலில் மாட்டை அவிழ்த்துவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டு குடும்பத்துக்கும் இந்த வருஷம் வருமானம் அது ஒன்றுதான். எனக்கு இருந்தது இரண்டு பகல்.

பயந்தேனா? இல்லை. எனக்கு வேலை தெரியும்.

முதல் நாள் விடிந்ததும் ஷெட்டில் ஆரம்பித்தேன். கல்டிவேட்டர் என்பது டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் தொங்கும் ஓர் இரும்புச் சட்டம். அதில் கிளாம்ப் போட்டு இறுக்கிய கொழுக்கள் செடிகளுக்கு நடுவில் மண்ணைக் கீறிக் களையைப் புரட்டும். செடி மேல் படக்கூடாது, அவ்வளவுதான் சங்கதி. சொல்வது சுலபம். வயலில் இறங்கிப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்கிறேன் என்று போகிறவர்கள் பாதி வயலைத் தொலைத்துவிட்டுத்தான் சரிசெய்வார்கள். நான் எல்லாவற்றையும் சிமென்டுத் தரையிலேயே முடிப்பேன்.

விதைக்கும் மெஷின் ஒரே ஓட்டத்தில் இரண்டு வரிசை போடும், முப்பது அங்குல இடைவெளியில். அதே இடைவெளியில் தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு இழுத்தேன். அதுதான் செடி. இரண்டு கோடும் வயிற்றுக்கு அடியில் வரும்படி டிராக்டரை நிறுத்தினேன். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் இரண்டு அங்குலப் பலகை வைத்து ஏற்றினேன். வயலில் கொழு இரண்டு அங்குலம் மண்ணுக்குள் இறங்கும், ஷெட்டில் தரை இறங்கிக் கொடுக்காது, அதனால் சக்கரம் மேலே ஏறத்தான் வேண்டும். பிறகு ஒவ்வொரு கொழுவாகத் தரையைத் தொடும்படி இறக்கி, கோட்டுக்கு இரண்டு பக்கமும் நான்கு அங்குலம் விட்டு இறுக்கினேன். பிறகு சட்டத்தை மேலே தூக்கிவிட்டு, சக்கரத் தடத்தில் வருகிற கொழுவை மட்டும் ஓர் அங்குலம் கூடுதலாக இறக்க வேண்டும், இல்லையென்றால் சக்கரம் அமுக்கிய மண் அப்படியே கிடந்து ஓடு மாதிரி இறுகிவிடும். அதில் ஒரு கொழுவின் போல்ட் அசையவே மாட்டேன் என்றது. மண்ணெண்ணெய் விட்டு, ஸ்பானரில் பைப்பைச் சொருகி, நாலு கெட்ட வார்த்தையும் சொன்ன பிறகு இறங்கி வந்தது.

அண்ணி டீயோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏம்மா, அவரு விதைச்சதைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு."

"எனக்கு யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணி."

"ஒரு நிமிஷம் கேளேன். அவரு இந்தத் தடவை..."

"நேர்ல வந்து சொல்ல வாய் இல்லைன்னா சொல்லவே வேண்டாம்னு சொல்லுங்க. டேப்பைப் பிடிங்க."

அண்ணி டேப்பைப் பிடித்தாள். முகத்தைப் பார்த்தால் அந்த டேப்பை என் கழுத்தில் சுற்றும் யோசனை இருந்ததுபோல் தோன்றியது.

ஒன்பது மணிக்கு வயலில் இறங்கினேன். ரோட்டுப் பக்கம் முதல் இரண்டு வரிசையை டிராக்டருக்கு அடியில் கொண்டுவந்து, நெம்புகோலைத் தள்ளிக் கொழுவை இறக்கினேன். சும்மா சொல்லக் கூடாது, வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல இறங்கியது. களை வேரோடு புரண்டு வெயிலைப் பார்த்துப் படுத்தது. செடிகளோ அசையக்கூட இல்லை. நிறுத்தி, இறங்கி, முதல் இருபதடியை நடந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் நான்கு நான்கு அங்குலம், அளந்து வைத்ததுபோல. என் தோளை நானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

திரும்ப ஏறி மூன்றாவது கியரில் விட்டேன். களை எடுக்கும்போது ஒரு வரிசையைத்தான் பார்க்க வேண்டும். இடது வரிசையில் கண்ணை வைத்தால் வலது வரிசை தானாகச் சரியாக இருக்கும், ஏனென்றால் இரண்டையும் ஒரே மெஷின் ஒரே நேரத்தில் போட்டது. இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறவன் இரண்டையும் வெட்டுவான். நான் இடதை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். தூரத்தில் வரப்பில் அண்ணி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். பரவாயில்லையே, நம் வேலையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாளே என்று நானும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினேன். அவள் இன்னும் வேகமாக ஆட்டினாள். பிறகு செருப்பைக் கழற்றி வீசிவிட்டு வயலுக்குள் ஓடி வர ஆரம்பித்தாள்.

திரும்பிப் பார்த்தேன். வலது பக்கம் வரிசையே இல்லை.

இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்தேன். சோளம் வேரோடு பிய்ந்து, களையோடு களையாகக் கிடந்தது. எண்ணினேன். நாற்பத்தேழு செடி.

"பாருங்க, உங்க வீட்டுக்காரர் விதைச்ச லட்சணத்தை!" என்று கத்தினேன். "ஆரம்பத்துல முப்பது அங்குலம். இங்க வந்தா முப்பத்தஞ்சு இருக்கும். ஒரே மெஷின்ல போட்ட ரெண்டு வரிசை எப்படி அண்ணி விலகும்? எப்படி?"

கேட்ட பிறகுதான் கேள்வி எனக்கே உறைத்தது. ஒரே ஓட்டத்தில் போட்ட இரண்டு வரிசை விலகவே விலகாது. டேப்பை எடுத்து அடுத்த இடைவெளியை அளந்தேன். முப்பது. முன்னால் பத்தடி போய் அளந்தேன். அங்கேயும் முப்பது. இன்னும் பத்தடி. முப்பதுதான், இம்மி பிசகவில்லை. அப்படியானால் ஜோடி என்பது இரண்டாவதும் மூன்றாவதும். ரோட்டோரத்து முதல் வரிசை ஒற்றை. ஜோடி அல்லாத இரண்டு வரிசைகளை ஜோடி என்று நினைத்து நடுவில் விட்டவள் நான். அவன் கண்ணளவில் ஓட்டிய இடைவெளி அது. கண்ணளவிலேயே முதல் இருபதடியை அவன் அத்தனை நேராகப் போட்டிருந்தான், அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவன் வரிசையைப் பார்த்துச் சிரித்தவளுக்கு இதைவிட நல்ல மூக்குடைப்பு கிடைக்காது.

ஆனால் முழு வயலையும், ஜோடி எங்கே ஆரம்பிக்கிறது, நடுவில் எங்காவது மறுபடி மாறுகிறதா என்று தெரியாமல் ஓட்ட முடியாது. ஒவ்வொரு இடைவெளியாக அளந்துகொண்டிருந்தால் மழை வந்துவிடும்.

"அண்ணி, அவரு காலையில என்ன சொல்லச் சொன்னாரு?"

அண்ணி இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கினாள். "எனக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்."

"அண்ணி!"

"போதும்மா. பதினோரு மாசமா தபால்காரி வேலை பாத்தாச்சு. இன்னையோட ராஜினாமா. அவரு பம்ப் ரூம்லதான் இருக்காரு. கால் இருக்கு, வாய் இருக்கு. அதுவும் உனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்கு. போய்க் கேளு."

கேட்கவில்லையென்றால் வயல் போகும். கேட்டால் என் வீம்பு போகும். பம்ப் ரூமுக்கு இருநூறு அடி இருக்கும். அந்த இருநூறு அடியை நான் நடந்த மாதிரி யாரும் நடந்திருக்க மாட்டார்கள். அண்ணன் மோட்டாரின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். பின்னந்தலையில் நரை கூடியிருந்தது. இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் அதை நான் பார்க்கவே இல்லை. மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணா."

அவன் கை நின்றது. திரும்பவில்லை.

"எந்தப் பக்கத்துல இருந்து விதைக்க ஆரம்பிச்ச?"

மோட்டாரிடம் சொல்வதுபோலச் சொன்னான். "இங்கிருந்து. பம்ப் ரூம் பக்கத்துல இருந்து. ரோட்டுக்கிட்ட வந்தப்ப ஒரு வரிசைக்குத்தான் இடம் இருந்தது. மெஷின்ல ஒரு விதைப் பெட்டியை மூடிட்டுப் போட்டேன்."

"நான் ரோட்டுப் பக்கத்துல இருந்து எடுத்துட்டேன். நாப்பத்தேழு செடி போச்சு."

இப்போது திரும்பினான். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வயலுக்கு நடந்தான். நான் பின்னால் போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீவனக் கடைக்காரர் ரோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கும் ஆட்கள் நின்றிருந்தார்கள். கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

"என்னம்மா, இந்த வருஷமும் அண்ணன் கோணலா விதைச்சுட்டாரா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். போன வருஷமும் இப்படித்தான் குனிந்திருப்பான். அன்றைக்கு நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சிரித்தவர்களைத்தான் பார்த்தேன்.

"வரிசை நூல் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றேன், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "வேணும்னா இறங்கி வந்து அளந்து பாருங்க, டேப் தரேன். ஒழுங்கா விதைச்சது எங்க அண்ணன். அதைக் குதறினது நான். போன வருஷம் சிரிச்சதும் நான்தான், அதுவும் தப்பு. வேற ஏதாவது தெரியணுமா?"

அவருக்கு வேறெதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் பிய்ந்து கிடந்த ஒரு செடியைப் பொறுக்கி, வேரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். "போன வருஷம் கோணலாத்தான் இருந்தது" என்றான். "அது எனக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம்ல நீ."

"சொல்லியிருக்கணும்."

ஒற்றை வரிசையை மண்வெட்டியால் பார்த்துக்கொள்வதாக அண்ணி சொன்னாள். நான் டிராக்டரைப் பின்னால் எடுத்து, சரியான ஜோடியின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். கொழுவை இறக்கினேன். இந்தத் தடவை இரண்டு பக்கமும் கடைசிவரை நான்கு அங்குலம்தான். ஒரு செடிகூட ஆடவில்லை. நான் ஷெட்டில் செய்த வேலையில் குறை ஒன்றும் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தக் கணக்கில் போனால் நாளை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்.

அண்ணன் ஒரு குச்சியோடு பின்னால் நடந்து, மண் விழுந்து சாய்ந்த செடிகளைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தான். இரண்டாவது ஜோடியில் எனக்குப் பழைய தைரியம் வந்துவிட்டது. கியரை மாற்றினேன். பாதி தூரம் போவதற்குள் இன்ஜின் சத்தத்தையும் மீறி ஒரு குரல் கேட்டது.

"ஏய்! மெதுவாப் போடி! மண்ணு பூரா செடி மேல விழுது. மண்டையில மூளை இருக்கா உனக்கு? எங்கடி ஓடுற, பஸ்ஸைப் பிடிக்கவா?"

அண்ணியிடம் சொல்லி அனுப்பவில்லை. என்னிடமே சொன்னான். நேராக, என் முகத்துக்கு நேராக, வயல் முழுக்கக் கேட்கிற மாதிரி.

கியரைக் குறைத்தேன். இடது வரிசை கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்து ஓட்டினேன். அவன் இன்னும் திட்டிக்கொண்டேதான் வந்தான். இன்னும் முப்பத்தாறு வரிசை பாக்கி இருந்தது. கடைசி வரிசை வரைக்கும் அவன் என்னைத் திட்டிக்கொண்டே வர வேண்டும் என்று இருந்தது எனக்கு.