வேலிக்கு அந்தப் பக்கத்து இஞ்சி

சாந்தி கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் மஞ்சள் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். இப்போது இருக்கிற அமெரிக்காவின் ஆலன் நகரில் அவளுக்குப் பக்கத்து வீடு ஷஹீமாவுடையது. இஞ்சியில் முளை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதையே சாந்தியிடம் கேட்டுத்தான் ஷஹீமா மார்ச்சில் நட்டாள். இரண்டு வீட்டிலும் ஒரே கடையில் வாங்கிய இஞ்சி.

ஜூலையில் சாந்தியின் செடிகள் நுனி கருகி, இலை சுருண்டு, முழங்கால் உயரம்கூட எட்டவில்லை. ஷஹீமாவின் பாத்தியோ இடுப்பளவு பச்சையாக நின்றது. அவள் வீட்டு விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் அதைப் படம் எடுத்தார்கள். சாந்தியின் கணவர் நெடுஞ்செழியனே அந்தப் பெண் என்ன உரம் போடுகிறாள் என்று கேட்டுவரச் சொன்னார். அன்று சாந்தி அவருக்கு டீ போடவில்லை.

மறுநாள் தோட்டத்தில் நின்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவள் வீட்டு ஓக் மரத்தின் பெரிய கிளை வேலியைத் தாண்டி நீண்டிருந்தது. மதியத்துக்கு மேல் அதன் நிழல் முழுக்க ஷஹீமாவின் பாத்தியில்தான் விழுந்தது. தன் மரம், அவள் இஞ்சி. சாந்திக்குச் சோறு இறங்கவில்லை. புயலில் முறிந்து விழும் என்று கணவரிடமும் ஷஹீமாவிடமும் சொல்லி, ஆள் வரவழைத்துக் கிளையை வெட்டிவிட்டாள்.

நூற்றைந்து டிகிரி வெயில். ஒரே வாரத்தில் ஷஹீமாவின் இலைகள் வெளிறித் தொங்கின. சாந்தி மாடி ஜன்னலிலிருந்து தினமும் பார்த்தாள். முதல் நாள் இருந்த சந்தோஷம் மூன்றாம் நாள் இல்லை.

சனிக்கிழமை ஷஹீமா ஒரு சுருள் நிழல்வலையோடு வந்தாள்.

"இத்தன நாள் என் கை ராசின்னு நினைச்சிட்டிருந்தேன் அக்கா. உங்க மரத்து நிழல்தான் காப்பாத்திருக்கு. புயலுக்குப் பயந்து நீங்க வெட்ட வேண்டியதாப் போச்சு. உங்களுக்கும் சேத்து வலை ஆர்டர் பண்ணிட்டேன்."

சாந்தி கையை நீட்டவில்லை. "புயலெல்லாம் பொய் ஷஹீமா. உன் இஞ்சி நல்லா வந்துச்சு. எனக்குப் பொறுக்கல. அதான் வெட்டுனேன்."

ஷஹீமாவின் முகம் மாறியது. சுருளை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். செப்டம்பரில்தான், குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, அவளிடமிருந்து சாந்திக்கு ஒரு தலையசைப்புக் கிடைத்தது.

சாந்தி வலையைக் கட்டியிருந்தாள். அதன் அடியில் புதுக் குருத்துகள் விட்டிருந்தன. நவம்பரில், பனிக்கு முன் இருவரும் ஒரே நாளில் தோண்டினார்கள். ஷஹீமா தூக்கிய கொத்து இரண்டு கைக்கும் அடங்கவில்லை. சாந்திக்கு வயிறு பழையபடி எரிந்தது. ஆனாலும் எவ்வளவு தேறியது என்று கேட்டாள்.

"ஏழு பவுண்டு வந்துச்சுக்கா. உங்களுக்கு?"

"மூணு" என்றாள் சாந்தி. தராசில் இரண்டே கால்தான் காட்டியது.