அக்காவின் மடிக்கணினி இன்னும் இணையவில்லை

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயத்தில் பிறந்தது. என் கணினித் திரையின் ஓரத்தில், அக்காவின் பெயருக்குப் பக்கத்தில், ஒரு சாம்பல் வட்டம் இருக்கிறது. அவள் மடிக்கணினி இணையத்துக்கு வந்தால் அது பச்சையாகும். அதுவரை என் கைகள் சும்மா இருந்தால் நகங்களைக் கடித்தே தீர்த்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நான் ஒரு பெரிய அலுவலகத்தின் கணினி உதவி மையத்தில் வேலை செய்கிறேன். எட்டு மாடியில் யாருக்கு நெட் வராவிட்டாலும் என் மேசையில்தான் போன் அடிக்கும். மேலாளர் சற்று முன் இந்தப் பக்கம் வந்தார். நான் மும்முரமாகத் தட்டுவதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். புகார் அறிக்கை எழுதுகிறேன் என்று நினைத்திருப்பார், பாவம்.

தொடக்கம் ஒன்று: “அன்று மதியம் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவள்...” (பொய். மேகமூட்டம். அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: “அவள் கணவர் ஒரு...” (இதுவும் வேண்டாம். அவரில் தொடங்கினால் கதை அவருடையதாகிவிடும். அந்த வீட்டில் ஏற்கெனவே எல்லாமே அவருடையதுதான்.)

மூன்றாவது தொடக்கத்தில் போன் அடிக்கிறது. நடந்ததும் அதுதான். வைத்துக்கொள்கிறேன்.

2

“வணக்கம், உதவி மையம்.”

“நான்தாண்டி. மெதுவாப் பேசு.”

“அக்கா? இது யார் நம்பர்?”

“கீழ் வீட்டம்மாவோடது. கூடையில போட்டு அனுப்பச் சொன்னேன்.”

கூடை என்ன என்று சொல்ல வேண்டும். அக்காவின் அடுக்களைப் பின்பக்கம் ஒரு சின்ன பால்கனி உண்டு. கீழே காய்கறி வண்டி வந்தால் கயிற்றில் கட்டிய பிளாஸ்டிக் கூடையை இறக்குவாள். இன்று அதே கூடையில் கீழ் வீட்டம்மாவின் பட்டன் போன் மேலே ஏறியது. வாசல் வழியாகப் போய் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கூடத்தில் வாசலைப் பார்த்தபடி ஒரு கேமரா இருக்கிறது. திருடனுக்காக வைத்தது என்றார் அக்கா கணவர். இதுவரை அதில் மாட்டியது அக்கா மட்டும்தான்.

“நீ சொன்ன மாதிரியே அந்த சாஃப்ட்வேரை எடுத்துட்டேன்,” என்றாள். “எடுத்தேன், நெட்டும் சேர்ந்து போச்சு. ஒண்ணுமே திறக்க மாட்டேங்குது. மூணு மணிக்கு இன்டர்வியூடி.”

(இடையில் ஒரு குறிப்பு. எங்கள் மையத்தில் எந்த அழைப்பை முடிக்கும்போதும் “வேறு ஏதாவது உதவி வேண்டுமா?” என்று கேட்டே ஆகவேண்டும். கேட்டுக் கேட்டு, ஒருநாள் வாய் தவறி அக்காவிடமும் கேட்டுத் தொலைத்தேன். அன்றிலிருந்து நாங்கள் போனை வைப்பதே இப்படித்தான். நான் அதைக் கேட்பேன். அவள், “ஆமா, சூடா ஒரு காபி போட்டு அனுப்பு” என்பாள். இன்று அதற்குள் போன் கைமாறிவிட்டது. இந்தக் காபிப் பத்தியை வெட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். கதைக்கு ஒன்றும் சேர்க்கவில்லை.)

3

அக்கா கணவர் பாத்திரத்தில்தான் எனக்குச் சிக்கல். நான் மாமா என்று கூப்பிடும் மனிதரை எப்படி எழுதினால் நீங்கள் பயப்படுவீர்கள்? முதல் வரைவில் அவரைக் கத்தவிட்டேன். தட்டை விட்டெறியவிட்டேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவர் கத்தவே மாட்டார். உறவுக்காரர்கள் எல்லோரும் தங்கமான மனுஷன் என்பார்கள்.

அவர் செய்வது இவ்வளவுதான். மாலை வருவார். கை கால் கழுவுவார். அக்கா எதிரே உட்கார்ந்து, நாள் எப்படிப் போனது என்று விசாரிப்பதுபோல் கேட்பார்: “தலைவலி மாத்திரை பத்தித் தேடினியாமே, எனக்கு ஏன் சொல்லல?” இன்னொரு நாள்: “பழைய ஸ்கூல் ஃபோட்டோ பாத்துட்டு இருந்தியா? அதுல இருக்கிற அந்த வாத்தியார் யாரு?” குரலில் கோபம் துளியும் இருக்காது. பதில் சொல்லி முடிக்கும்வரை கண்ணை மட்டும் எடுக்கமாட்டார்.

பாதுகாப்புக்கு என்று சொல்லி அக்காவின் மடிக்கணினியில் அவர் போட்டு வைத்திருந்த மென்பொருள்தான் இதையெல்லாம் அவருக்குச் சொன்னது. அவள் என்ன பார்த்தாலும் அது குறித்துக்கொள்ளும், அவ்வப்போது திரையைப் படமும் எடுக்கும். அவள் போனிலும் அதே கதைதான். யாரோடு எவ்வளவு நேரம் பேசினாள் என்பது வரை போய்ச் சேர்ந்துவிடும்.

அக்கா கல்யாணத்துக்கு முன் கணக்கு டீச்சர். வேறு ஊரில் ஒரு விடுதிப் பள்ளி கணக்கு டீச்சர் தேடியது. விளம்பரத்தை, கீழ் வீட்டம்மா கொடுத்த காயைச் சுற்றியிருந்த செய்தித்தாளில் அக்கா பார்த்தாளாம். நேரில் பார்த்த அன்று, சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்டபோது அவளுக்குத் தெரியவில்லை. “தங்க இடம் தர்றாங்கடி” என்றாள். அதையே மூன்று முறை சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது வெறும் வேலை தேடல் இல்லை என்று.

விண்ணப்பத்தை அவள் பெயரில், என் மின்னஞ்சல் வழியாக, நான்தான் அனுப்பினேன். இன்டர்வியூவுக்கு மட்டும் அவள் முகம் திரையில் தெரிந்தாக வேண்டும். அதற்கு முன் அந்த மென்பொருள் போயாக வேண்டும். நீக்க அவருடைய கடவுச்சொல் கேட்டது. அக்கா இரண்டாவது முயற்சியில் கண்டுபிடித்துவிட்டாள். அவளை அவர் கொஞ்சும் செல்லப்பெயர். அதை இங்கே எழுதமாட்டேன்.

4

இனி கொஞ்சம் தொழில். சலிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், என் தப்பு இதில்தான் இருக்கிறது.

“வைஃபை குறி தெரியுதா?”

“முழுசாத் தெரியுது. ஆனா எதைத் தொட்டாலும் சுத்திக்கிட்டே இருக்கு.”

“ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாரு.”

“ரெண்டு தடவை போட்டாச்சு. உங்க ஆளுங்களுக்கு வேற வைத்தியமே தெரியாதா?”

அந்த நிலையிலும் கிண்டல். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தத் தெம்பில், தினமும் நாற்பது பேரிடம் சொல்வதை யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

“சரி, ரூட்டரை ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணி...”

“ஐயோ, வேண்டாம்!” என்றாள். அது கத்தலாக வந்திருக்க வேண்டும், மூச்சாகத்தான் வந்தது. “ரூட்டர் நின்னா கேமரா நிக்கும். கேமரா நின்னா அவர் போன்ல மணி அடிக்கும். போன மாசம் கரண்ட் போனதுக்கே நடந்து வந்துட்டார்.”

அவர் அலுவலகம் நடக்கிற தூரம்தான். மறந்துவிட்டேன். என் மேசையில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தையில் நான் அவரை வீட்டுக்கு வரவழைத்திருப்பேன்.

வைஃபை இருக்கிறது, நெட் இல்லை, அதுவும் ஒரு மென்பொருளை நீக்கிய பிறகு. பயம் மட்டும் இல்லாதிருந்தால் எனக்கு நொடியில் விளங்கியிருக்கும். எங்கள் அலுவலகத்தில் வாரத்துக்கு ஒருவராவது இப்படி மாட்டுவார். அந்த மாதிரி மென்பொருள் உள்ளே வந்ததும் ப்ராக்ஸி என்ற ஓர் அமைப்பை மாற்றி வைக்கும். இனி எந்தப் பக்கத்தைத் திறப்பதானாலும் முதலில் என்னைக் கேள், நான் பார்த்துவிட்டு விடுகிறேன் என்று மடிக்கணினிக்குச் சொல்லிவைக்கும். மென்பொருளை நீக்கினாலும் அந்த உத்தரவு அப்படியே நின்றுவிடும். இல்லாத காவலாளியிடம் மடிக்கணினி அனுமதி கேட்டுக்கொண்டே நிற்கும்.

முதலில் அந்த உத்தரவை அணைக்க வேண்டும், பிறகுதான் மென்பொருளை நீக்க வேண்டும். வரிசையை மாற்றிச் சொன்னது நான். இதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

(இல்லாத காவலாளியிடம் அனுமதி கேட்டு நிற்பதை அக்காவுக்கு உவமையாக்கக் கை துறுதுறுக்கிறது. மாட்டேன். அவள் உவமையில்லை. அடுக்களையில், குளிர்சாதனப் பெட்டிக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவே, தரையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறாள்.)

5

“செட்டிங்ஸ் போ. நெட்வொர்க். கீழ வா. ப்ராக்ஸின்னு இருக்கா?”

“இருக்கு.”

“அதுல ஒரு சுவிட்ச் ஆன்ல இருக்கும்.”

“ஆமா. நீலமா இருக்கு.”

“அதை ஆஃப் பண்ணு. அவ்வளவுதான். நெட் வந்துடும்.”

அவள் அணைக்கவில்லை.

“ஏண்டி,” என்றாள், “நான் அந்த சாஃப்ட்வேரை எடுத்தப்பவே நெட் போயிடுச்சு இல்ல? அது அவருக்குச் சேதி அனுப்ப நினைச்சிருந்தா, போகாம உள்ளயே எங்கயாவது நிக்குமா? இதை அணைச்சதும் கிளம்பிப் போயிடுமா?”

கணக்கு டீச்சர் கேள்வி. இத்தனை வருட வேலையில் யாரும் என்னிடம் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. சில மென்பொருள்கள் அப்படி ஒரு சேதியை விட்டுவிட்டுப் போகும். சிலவற்றில், போகும்போதே சேதி போயிருக்கும். சிலவற்றில் எதுவுமே இருக்காது. இது எந்த வகை என்று பார்க்கலாம் என்றால், அதைத்தான் நீக்கியாகிவிட்டதே.

“போகாதுக்கா,” என்றேன்.

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

பின்னால் கீழ் வீட்டம்மாவின் குரல் கேட்டது. “ஆச்சாம்மா? கடைக்குக் கிளம்பணும்.” அக்கா, “இதோ இறக்கிடறேன்” என்றாள். அவ்வளவுதான், போன் துண்டிக்கப்பட்டுவிட்டது.

அவள் சுவிட்சை அணைத்தாளா? தெரியாது.

6

ஆகவே முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முடிவு அ: அக்கா சுவிட்சை அணைக்கிறாள். நெட் வருகிறது. சேதி எதுவும் போகவில்லை. திரையில் மூன்று பேர் அவளிடம் பின்னக் கணக்கை ஆறாம் வகுப்புக்கு எப்படிச் சொல்லித் தருவீர்கள் என்று கேட்கிறார்கள். அவள் குரல் பழைய குரலாகிறது. (இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.)

முடிவு ஆ: அவள் அணைக்கவில்லை. மூன்று மணி தாண்டிப் போகிறது. மாலையில் அவர் எதிரே உட்கார்ந்து, “இன்னிக்கு நெட்டே போடலையா, ஆச்சரியமா இருக்கே?” என்கிறார்.

முடிவு இ: அணைக்கிறாள். சேதி கிளம்புகிறது. அலுவலகத்தில் அவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்து... (முடியவில்லை. இதை முடிக்க என்னால் ஆகாது.)

எழுதுவதை நிறுத்திவிட்டுக் கீழ் வீட்டம்மாவின் எண்ணுக்கு அடித்தேன். எடுத்தார்கள். பின்னால் தெருச்சத்தம்.

“நான் கடைத்தெருவுல இருக்கேன் கண்ணு. போன் கூடையில வந்துடுச்சு, எடுத்துட்டு வந்துட்டேன்.”

“மேல எல்லாம் சரியா இருக்கா அம்மா? மாமா வந்திருக்காரா?”

“கவனிக்கலையே. நான் கிளம்பறப்ப யாரோ படியேறின மாதிரி இருந்துச்சு. மாடில மூணு வீடு இருக்கில்ல, யாரைன்னு சொல்ல? உங்க அக்கா வீட்ல நல்லாத்தான் இருக்காங்க போல, சத்தமே இல்ல.”

சத்தமே இல்லை. உங்களுக்கு அது நல்ல சேதியாகப் படலாம். அவர் கத்தவே மாட்டார் என்று மூன்றாம் பகுதியில் சொல்லியிருக்கிறேன்.

7

இந்தப் பகுதியை எழுதத் திட்டமிடவில்லை. வட்டம் பச்சையாகிவிட்டது.

மூன்று மணியாக இன்னும் சில நிமிடங்கள் இருக்கின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் பெயரிலிருந்து ஒரு வரி வந்தது.

“நெட் வந்துடுச்சு. இப்ப என்ன செய்யணும்?”

படித்ததும் சிரித்துவிட்டேன். அடுத்த நொடி அந்த வரியை மறுபடி படித்தேன். அந்த மடிக்கணினியில் அக்காவின் கணக்கு எப்போதும் திறந்தே கிடக்கும், மூடக் கூடாது என்பது வீட்டு விதி. அதன் முன்னால் யார் உட்கார்ந்தாலும் என் திரையில் அக்காதான் தெரிவாள். இந்த வரியை அக்கா எழுதியிருக்கலாம். பக்கத்தில் யாரோ நிற்க, அவர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கலாம். கை கால் கழுவிவிட்டு வந்து பொறுமையாக உட்கார்ந்த ஒருவர் எழுதியிருக்கலாம்.

அக்காவாக இருந்தால் நான் உடனே சொல்ல வேண்டும்: இதோ பள்ளி எனக்கு அனுப்பிய இணைப்பு, அழுத்து, நேராக உட்கார், பயப்படாதே. அவராக இருந்தால் அதில் ஒரு வார்த்தை போதும், எல்லாம் முடிந்தது. “நீதானா?” என்றுகூடக் கேட்க முடியாது. ஒளிக்க எதுவும் இல்லாதவள் ஏன் அப்படிக் கேட்கப்போகிறாள்?

இரண்டு பேருக்கும் பொருந்தும் ஒரு வாக்கியம் வேண்டும். இவ்வளவு எழுதியவளுக்கு ஒரே ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. எழுதி எழுதி அழித்தேன். “அக்கா...” அழித்தேன். “சரி, இப்ப...” அழித்தேன்.

பிறகு மேலே போய், நான் வெட்ட நினைத்த காபிப் பத்தியை மறுபடி படித்தேன்.

உதவி மையத்தில் இருக்கும் ஒரு தங்கை, நெட் வந்துவிட்டது என்று கேட்டதும் என்ன கேட்பாளோ, அதையே கேட்டேன். யார் பார்த்தாலும் தப்பாக நினைக்க முடியாது. அதற்கான பதில் மட்டும் அக்காவுக்குத்தான் தெரியும்.

“மகிழ்ச்சி. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?”

அனுப்பிவிட்டேன். படித்ததற்கு அடையாளமும் வந்துவிட்டது. இப்போது அந்தப் பக்கம் யாரோ தட்டச்சு செய்கிறார்கள். மூன்று புள்ளிகள் ஏறி இறங்குகின்றன. நிற்கின்றன. மறுபடி ஏறி இறங்குகின்றன.

வரப்போகும் பதிலை நான் எழுதமாட்டேன். என் கையில் அது இல்லை. கதையை இந்த இடத்தில் உங்களிடம் தருகிறேன். இன்டர்வியூவில் அவள் தேறினாளா, அந்தத் தங்குமிடத்துக்கு ஜன்னல் இருந்ததா, எல்லாம் உங்கள் விருப்பம்போல் வைத்துக்கொள்ளுங்கள். நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் எழுதும் பதிலில் காபி இருக்கட்டும்.