வாராமல் போனாலும்

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டுச் சபைகளில் ராஜமணி எழுதிய பாட்டு கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டுக் கட்டுவார். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பாடியவர் ஊழியக்காரர் சாமித்துரை. ராஜமணிக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி.

ராஜமணியின் மனைவி சீனித்தாய்க்கு வயிற்றில் கட்டி வந்தபோது சாமித்துரை வாராவாரம் வந்து முழங்கால் போட்டு ஜெபித்தார். எண்பத்தொன்று மாசியில் அவள் செத்துப்போனாள். அடக்கம் முடிந்த வாரத்தில் ராஜமணி ஒரு பாட்டுக் கட்டினார். ‘நீர் வாராமல் போனாலும் காத்திருப்பேன்’ என்று தொடங்கும். முதலில் சாமித்துரைக்குத்தான் பாடிக் காட்டினார். சாமித்துரை தேம்பி அழுதார்.

மறுவருசம் அது சாமித்துரை குரலில் கேசட்டில் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். ராஜமணியிடம் டேப் ரிக்கார்டர் இல்லை. சந்தோசப்பட்டதோடு சரி.

அந்தக் கோடையில் கயத்தாற்றிலிருந்து வெயிலம்மாள் என்றொருத்தி, நடக்க மாட்டாத மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கட்டி கரைந்து பிழைத்த அம்மாவைப் பார்க்கணும் என்றாள்.

“அவிய என் மக வயித்துல கை வச்சாப் போதும், அண்ணாச்சி. கூட்டத்துல அந்தச் சாமித்துரை ஐயா சொன்னாவ. பாட்டுகூடப் பாடுனாவளே, ‘நீர் வந்ததாலே பிழைத்துக்கொண்டேன்’னு.”

மெட்டு ராஜமணியுடையதுதான்; வார்த்தை மாறியிருந்தது. சீனித்தாய் செத்துவிட்டாள் என்று சொல்லிப் பார்த்தார். அம்மாவை ஒளித்துவைப்பதாக நினைத்து வெயிலம்மாள் காலில் விழுந்தாள். கடைசியில் கல்லறைக்குக் கூட்டிப்போய்ச் சிலுவையில் இருந்த பெயரை வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. இருவரையும் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றிவிட்டார்.

அந்த வாரமே எட்டயபுரத்தில் சாமித்துரையின் கூட்டம். ராஜமணி போய்ப் பந்தலில் உட்கார்ந்தார். மேடையில் இருந்த சாமித்துரை அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, பாட்டு எழுதின அண்ணாச்சியே வந்திருக்கிறார், சாட்சி சொல்வார் என்று அழைத்தார். தான் உண்மையைச் சொல்லப்போவதில்லை என்று அத்தனை நம்பிக்கை வைத்திருக்கிறான் என்பதுதான் ராஜமணிக்குச் சுட்டது.

மைக்கைப் பிடித்து, “என் வீட்டுக்காரி பிழைக்கல. செத்துப் போயிட்டா” என்றார். தன் பாட்டைத் தன் வார்த்தையில் எடுத்தார். முதல் அடி முடியுமுன் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் சாமித்துரை கையைப் பிசைந்தார். “செத்த கதையச் சொன்னா யாரு அண்ணாச்சி விசுவாசிப்பா? சனங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணும்லா?”

“அவ பெட்டியத் தூக்குனவன் நீதானடே.”

உள்ளே கூட்டம் அந்தப் பாட்டைப் புது வார்த்தையில் பாடத் தொடங்கியிருந்தது. சாமித்துரை திரும்பி மேடைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தச் சபையில் ராஜமணியே பாட்டைத் தன் வார்த்தையில் தொடங்கினார். சீனித்தாயைப் புதைத்த சனம்தான். வீடுகளில் கேசட் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தார்கள். ‘நீர் வந்ததாலே’ என்றே கைதட்டிப் பாடினார்கள். அவர் பாடுவதை நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லை.