நாக்கு முளைத்த தவளை

தொட்டியைக் கழுவும்போது, கல்லூரி ஆய்வகத்தின் ஒரே ஆப்பிரிக்க நகத்தவளை துப்புரவுப் பணியாளர் அம்சத்தின் கையிலிருந்து நழுவிச் சாக்கடைக்குள் போய்விட்டது. வேலை போய்விடுமே என்ற பயத்தில், பின்பக்கத்து நாற்றங்காலில் ஒரு தவளையைப் பிடித்துத் தொட்டியில் விட்டாள்.

மறுநாள் ஆய்வகத்தின் புதுக் கட்டடத் திறப்பு விழா. பேராசிரியர் தமிழ்மாறன் மேடையில் தவளைத் தொட்டியருகே நின்று, சால்வையைச் சரிசெய்துகொண்டு முழங்கினார்.

"உலக விஞ்ஞானமே இந்தத் தவளையை நம்பித்தான் இருக்கு. இதுக்கு நாக்கே கிடையாதுங்க!"

தவளை நாக்கை நீட்டி, கண்ணாடியில் உட்கார்ந்திருந்த ஈயை விழுங்கியது.

அம்சம் கதவுப் பக்கம் நகர்ந்தாள். பேராசிரியர் அவளை முறைத்துவிட்டுக் குரலை உயர்த்தினார்.

"பாத்தீங்களா! நாலே மாசம் காவிரித் தண்ணி குடிச்சதுக்கே நாக்கு முளைச்சிடுச்சு!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. தாளாளர் இரண்டாவது சால்வையைப் போர்த்தினார்.

இறங்கி வந்த பேராசிரியர் அம்சத்தின் காதருகே குனிந்தார்.

"நாளைக்கு இன்னும் நாலு பிடிச்சிட்டு வாம்மா. கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."