ஐந்தாவது டயர்

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. நல்லதைப் பெட்டிக்குள் பூட்டிவைத்துவிட்டுக் கிழிந்ததைப் போட்டுக்கொண்டு திரிவார்கள். என் வீட்டுக்காரர் சிவபாதசுந்தரத்துக்கு அந்த வியாதி முற்றிவிட்டது. கலியாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டியின் மடிப்பு இன்னும் கலையவில்லை. ஆகவே, யுத்தம் முடிந்து ஆமிக்காரர் விற்றுத்தள்ளிய போர்ட் பிக்கப் ஒன்றை என் சீதனக் காணியை விற்று நாங்கள் வாங்கியபோது, அதிலிருந்த ஐந்து டயர்களில் புதிதாக இருந்த ஒரேயொரு டயரை அவர் என்ன செய்திருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. கழற்றிப் பின்னால் ஸ்பெயராகக் கட்டிவைத்தார். மொட்டையாய்ப் போன நாலிலும் வண்டி ஓடியது.

"அவசரத்துக்கு உதவும், இரத்தினம்" என்றார்.

அவசரம் கொள்ளுப்பிட்டியில் வந்தது. யாழ்ப்பாண ரயிலில் வந்த மாம்பழக் கூடைகளை மருதானையில் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தோம். 'போய்க்கொண்டிருந்தோம்' என்றுதான் சொல்கிறேன். நானும் முன் சீற்றில் இருந்தேன். அதைப் பற்றி வெள்ளவத்தையில் கதைக்காத வாய் இல்லை. கதைக்கட்டும். பின்பக்க டயர் வெடித்ததும் இவர் இறங்கி, பத்திரப்படுத்திய ஸ்பெயரைப் பூட்டினார். அது மற்றதுகளைவிட உயரம். வண்டி ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு காலி வீதி முழுக்க நண்டு மாதிரி நடந்தது. அடியில் ஏதோ முனகிக்கொண்டே வந்தது. கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாம்பழத்தில் பாதி சாறாகிவிட்டது. கடைக்காரர்கள் இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு லொறி பார்ப்போம் என்றார்கள்.

இவர் பிறவியில் லொறிக்காரர் இல்லை. கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். நாற்பத்தேழாம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்கு வெளியே வந்தார். பிறகு உள்ளே எடுக்கவில்லை. வீதியில் மாடு மறித்து நின்றாலும் ஹோர்ன் அடிக்காமல் அது போகும்வரை காத்திருக்கிற மனுசன் வேலைநிறுத்தம் செய்தார் என்றால் எனக்கே முதலில் நம்ப முடியவில்லை. எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்பதை அவருக்குச் சொன்னதில்லை.

மாம்பழம் சாறான கிழமையே அவருடைய தாய்மாமன் பெரியதம்பி வந்தார். பென்சன் எடுத்த பெரிய கிளாக்கர். இவருக்கு அந்த உத்தியோகத்தை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். கதிரையில் இருந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"கந்தோர்த் துரையோட கதைச்சிட்டன். இண்டைக்கு நாலு மணிக்குள்ள போய் இதில ஒரு கையெழுத்துப் போடு. திங்கக்கிழமை உன்ர கதிரையில நீ இருக்கலாம்."

கடிதம் இங்கிலீசில் இருந்தது. எனக்குத் தமிழில் சொல்லச் சொன்னேன். இவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தான் செய்தது பிழையாம். தானாகச் செய்யவில்லையாம். பக்கத்து மேசை றொபேட் தூண்டிவிட்டுத்தான் செய்தாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. றொபேட் பம்பலப்பிட்டிப் பறங்கிப் பொடியன். எங்கள் வீட்டுத் தோசையை எண்ணாமல் சாப்பிடுகிறவன். அவனும் இன்னும் வேலையில்லாமல்தான் இருக்கிறான்.

"ஆர் தூண்டினது? காலமை எழும்பி முகம் வழிச்சு, 'நான் வெளியில நிக்கப்போறன்' எண்டு நீங்கள்தானே சொல்லிப்போட்டுப் போனனீங்கள்?"

இவர் சுவரைப் பார்த்தார்.

"பொம்பிளைக்கு இதெல்லாம் விளங்காது" என்றார் மாமா. "முதல் கொட்டாஞ்சேனைக்குப் போய் வண்டிக்கு ரெண்டு பழைய டயரைப் போடுவம். ஓடுற வண்டியெண்டாத்தான் விக்கலாம். உன்ர சைக்கிளையும் பின்னால ஏத்து. டயர் பூட்டி முடியிறதுக்குள்ள நீ அதில கோட்டைக்குப் போய்க் கையெழுத்தைப் போட்டிட்டு வந்திடலாம்."

இவர் எழும்பிப் போய்ச் சைக்கிளை ஏற்றினார். அது றலி சைக்கிள். பத்து வருசமாகக் கந்தோருக்குப் போய்வந்த சைக்கிள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்க்கிறாரோ இல்லையோ, அதன் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். அவர் அதைக் கயிற்றால் கட்டினார். நானும் வருவேன் என்று ஏறி இருந்துகொண்டேன். என் காணி அந்த வண்டியில் இருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் பௌஸி நானாவின் டயர்க் கடை ஒரு ஒடுக்கமான வாசல். உள்ளே போனால் றப்பர் மணமும் இருட்டும். நானா எங்கள் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பின்சில்லைப் பார்த்தார்.

"ஒரு பக்கம் ஒசரம், ஒரு பக்கம் பள்ளம். இப்படி ஓட்டினா உள்ளுக்கு ஈக்கிற பல்லுச் சில்லெல்லாம் தேஞ்சு போகும். முனகிற சத்தம் கேக்கல்லியா?"

"கேட்டது" என்றேன் நான். "நாங்கள் நாயனம் எண்டு நினைச்சம்."

நானா சிரித்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார். ஒரு மூலையில் மேலே புது றப்பர் ஒட்டிய பழைய டயர்கள் இரண்டு. இன்னொரு மூலையில் சாக்கால் மூடியிருந்த ஐந்து. சாக்கை இழுத்தார். ஒரே பெயர், ஒரே அளவு, ஒரே வெட்டு. ஆமி ஏலத்தில் எடுத்தவையாம். ஒரு நாள்கூடத் தார் பார்த்ததில்லை.

இவர் குந்தியிருந்து பெருவிரலால் அந்த வெட்டுகளை அழுத்திப் பார்த்தார். ஒவ்வொன்றாக ஐந்தையும் உருட்டிப் பார்த்தார். கலியாணத்துக்கு முன் என்னைப் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

"நானா, நாலு தாங்கோ. பின்னுக்குப் போட்டிருக்கிற நல்லது ஸ்பெயருக்கு இருக்கட்டும்."

"திரும்பவும் அதே கத. ஒண்டு பஞ்சரானா ஒசரமானதப் போடுவீங்க, நண்டு நடை நடப்பீங்க. அதோட தம்பி, ஐஞ்சயும் நான் பிரிக்கமாட்டன். நாலு போனாப் பொறகு மிச்சம் ஒண்ட யாரு வாங்கிற? ஐஞ்சும் எடுங்க, இல்லாட்டி அந்தப் பழசு ரெண்டையும் எடுங்க."

"பழசு காணும்" என்றார் மாமா. "விக்கிற வண்டிக்கு ஆர் ஸ்பெயர் பாக்கப்போகினம்? சுந்தரம், நேரம் போகுது."

எங்கள் கையில் இருந்தது நாலுக்குத்தான் போதும். ஐந்தாவதுக்கு வழியில்லை. இவர் எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டு வெளியே போனார். பிக்கப்பின் பின்னால் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். சைக்கிளை இறக்கினார்.

மாமாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். கடிதத்தை எடுத்து நீட்டியபடி ஓடினார். "கெதியாப் போ, தம்பி. துரை நாலு மணிக்கு எழும்பிடுவார்."

எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டும்தான். வீதி என்றும் பார்க்கவில்லை, சத்தம் போட்டேன்.

"போங்கோ! போய்க் கையெழுத்து வையுங்கோ! ஆனா அந்தப் பெடியனை விட்டுக்குடுத்திட்டு வந்து என்ர கையால சோறு கேக்காதேங்கோ. காணி போனது போகட்டும். நான் ஒரு ஆம்பிளையைத்தான் கட்டினனான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

இவர் என்னைப் பார்த்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு மாமாவைத் தாண்டினார். என்னையும் தாண்டினார். கடைக்குள் போய் அந்த ஐந்து டயர்களோடு சைக்கிளைச் சாத்தி வைத்தார்.

"நானா, நாலுக்குக் காசு. ஐஞ்சாவதுக்கு இது."

பௌஸி நானா மணியை ஒருதரம் அடித்துப் பார்த்தார். பிரேக்கை அமத்திப் பார்த்தார். "நல்ல மாதிரி வெச்சீக்கிறீங்க தம்பி. பொறகு கவலப்படமாட்டீங்கதானே?"

"மாட்டன்."

மாமா கடிதத்தைக் கையில் பிடித்தபடியே நின்றார். "உனக்கென்ன விசரா? சைக்கிளைக் குடுத்திட்டுக் கந்தோருக்கு எப்பிடிப் போவாய்?"

"போகேல்லை, மாமா."

அவ்வளவுதான் சொன்னார். சத்தம்கூட உயரவில்லை. நான் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தூசி என்று சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை.

நானாவின் ஆட்கள் நாலையும் பூட்டினார்கள். ஸ்பெயருக்கு எதை வைப்பது என்று கேட்டார்கள். நல்லதாகப் பார்த்து எடுத்து ஒளித்துவைப்பார் என்று நான் காத்திருந்தேன். "எதெண்டாலும் வையுங்கோ, எல்லாம் ஒண்டுதான்" என்றார்.

திரும்பும்போது மூன்று பேரும் முன்னால் நெருங்கி இருந்தோம். வண்டி நேராக ஓடியது. முனகல் குறைந்திருந்தது. கோட்டைக்குள் வந்ததும் மாமா நெளியத் தொடங்கினார். அந்தக் கந்தோர்க் கட்டிடம் தெரிந்தது.

"கொஞ்சம் நிப்பாட்டு, சுந்தரம். உனக்குச் சுகமில்லையெண்டாவது துரைக்குச் சொல்லிப்போட்டு வாறன். அந்த உத்தியோகத்தின்ர கதவை முழுக்கச் சாத்தாத."

வண்டி மெதுவானது. வாசலுக்கு நேரே வந்ததும் இவர் ஹோர்னில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எடுக்கவில்லை. மேல்மாடி ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. வாசல் பியோன் எழும்பி நின்றான். மாமா சீற்றுக்குக் கீழே போகப் பார்த்தார். மூலை திரும்பிக் காலிமுகத்துக் காற்று முகத்தில் அடிக்கும்வரை அந்தச் சத்தம் கேட்டது.

பிறகு மாமா முனகினார். "குடும்பத்தின்ர மானம் போச்சு. நான் அவ்வளவு வடிவா எழுதினனான்."

"ஓம் மாமா" என்றார் இவர். "அதில றொபேட்டின்ர பேரை எழுதினனீங்கள். நானும் எழுதத்தான் போறன். இந்த வண்டிக் கதவில, என்ர பேருக்குப் பக்கத்தில. அவனுக்கு லொறி ஓடத் தெரியும். இப்ப அவன்ர வீட்டைதான் போறம்."

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன் நான். "காணி வித்தது நான். முதல் பேர் என்ர. அதுக்குப் பிறகு றொபேட். இடமிருந்தா உங்கட."