அரைக் கண்ணாடி எண்ணெய்

ஐஸ் தொழிற்சாலைக்குள் ஒரு பொருள் கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? சொன்னவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால் ஜெலுத்தோங் கடலோரத்து ஐஸ் தொழிற்சாலையில் அந்தத் தீபாவளிக்கு முன்னால் அதுதான் நடந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஆளுயரத்துக்குப் பனிக்கட்டி. நடுவில் ஒரு கியர்பாக்ஸ் மட்டும் தோசைக்கல் மாதிரி சுட்டது. தாட்சாயினி தினமும் அதன் முன்னால் போய் நின்று பார்த்தாள்.

தாட்சாயினிதான் அங்கே பராமரிப்புப் பிரிவுக்குத் தலைவி. தலைவி என்றதும் பெரிய பட்டாளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மூத்த மெக்கானிக் அர்ஜுனன், வயரிங் வேலை பார்க்கும் கிஷன், அவள், அவ்வளவுதான் பிரிவு. ஆனாலும் அந்தப் பதவி அவளுக்குத் தட்டில் வைத்து வந்ததில்லை. பாலிடெக்னிக் படிப்பை முடித்துவிட்டு வந்தவளை, பெண்பிள்ளைக்கு ஸ்பேனர் எதற்கு என்று கேட்டவர்கள் நடுவில் வருஷக்கணக்கில் முட்டி மோதி வாங்கிய பதவி அது. இன்னொருத்தர் வந்து பிடுங்கிக்கொண்டு போவதென்றால் வலிக்காதா?

அந்தக் கியர்பாக்ஸின் வேலை இவ்வளவுதான்: மோட்டாரின் வேகத்தைக் குறைத்து, பனிக்கட்டியை நொறுக்கும் க்ரஷர் உருளையை மெதுவாகச் சுற்ற வைக்க வேண்டும். அது நின்றால் உருளை நிற்கும். உருளை நின்றால் வெளியே மீன்கடைக்காரர்களின் லோரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கும். பழைய பெட்டி தேய்ந்துபோனதால், ஹரி ராயா பண்டிகைக்குப் பிறகு புதியது ஒன்றை வாங்கி மாட்டினார்கள். ஆயுத பூஜை வரைக்கும் அது சத்தமே இல்லாமல் ஓடியது. பூஜை முடிந்த வாரம் பிடித்தது சனி. சூடு ஏறும், மேலே இருக்கும் மூச்சுத் துளை வழியாக எண்ணெயைக் கக்கும், பாதுகாப்பு சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். ஆறவைத்து மறுபடி ஓட்டினால் மறுபடியும் அதே கதை.

மேனேஜர் ஷாருல் நல்ல மனுஷர். ஆனால் நல்ல மனுஷருக்கும் பொறுமை என்று ஒரு அளவு இருக்கிறதல்லவா? ஒரு நாள் வெளிக் கம்பெனி ஒன்றிலிருந்து குகன் என்ற ஆளைக் கூட்டி வந்து கியர்பாக்ஸைக் காட்டினார். குகன் காதை வைத்துக் கேட்டான், கீழே சிந்தியிருந்த எண்ணெயைத் தொட்டுப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"உள்ள பல்லெல்லாம் தேஞ்சு ரோசாக் ஆயிருக்கும், பாஸ். இனி இத ஓட்டி பிரயோஜனம் இல்ல லா."

ஷாருல் தாட்சாயினியைத் தனியாகக் கூப்பிட்டார். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமைதான் வருஷத்திலேயே பெரிய ஆர்டர். அன்றைக்கு க்ரஷர் ஒரு தடவை நின்றாலும் பராமரிப்பு வேலை முழுக்கக் குகனின் கம்பெனிக்குப் போய்விடும் என்று மலாயில் சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் அர்ஜுனனும் கிஷனும் என்ன ஆவார்கள் என்று அவள் கேட்கவில்லை. பதில் அந்தப் பேனாவுக்கே தெரியும்.

அர்ஜுனன் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். கிஷனுக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. தாட்சாயினி தூக்கத்தை விட்டாள். பெல்ட்டைப் பார்த்தாள், மோட்டாரும் பெட்டியும் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று அளந்தாள், ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து பேரிங் சத்தம் கேட்டாள். கிஷன் மோட்டார் இழுக்கும் கரண்டை அளந்து, வழக்கத்தைவிட அதிகமாக இழுக்கிறது என்றான். ஏன் என்று பிடிபடாமல் மறுபடியும் அளந்தான். மற்ற எல்லாமே ஒழுங்காக இருந்தன. ஒழுங்காக இருந்ததுதான் அவளுக்கு எரிச்சல்.

எண்ணெய் விஷயம் அர்ஜுனன் பொறுப்பு. தினமும் காலையில் பெட்டியின் மேல்மூடியைத் திறந்து ஆள்காட்டி விரலை விடுவார். விரலில் எண்ணெய் ஒட்டாவிட்டால் ஒட்டும் வரைக்கும் ஊற்றுவார். பழைய பெட்டிக்கும் அப்படித்தான், அதற்கு முந்தியதற்கும் அப்படித்தான். புதியதை மட்டும், கம்பெனி ஊற்றிக் கொடுத்த எண்ணெய் என்று பூஜை வரைக்கும் திறக்காமல் விட்டிருந்தார்.

"நேத்து கக்குனதுல கொறஞ்சுருச்சு, தங்கச்சி. ஊத்திட்டேன். எண்ண நெறஞ்சு இருக்கணும், அப்பதான் மெஷினுக்குக் குளிர்ச்சி."

"சரிண்ணே, ஊத்துங்க," என்பாள் தாட்சாயினி. வேறு என்ன சொல்வாள்? எண்ணெய் குறைந்தால் சூடாகும் என்று அவளும்தான் படித்திருக்கிறாள்.

இப்படியே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. விடிந்தால் சனி. காலையில் குளித்துவிட்டு வந்து கண்ணாடிமுன் நின்று தலை வாரினாள். இரவு முகம் கழுவும்போது கழற்றிய ஸ்டிக்கர் பொட்டைக் கண்ணாடியிலேயே ஒட்டி வைக்கும் பழக்கம் எந்த வீட்டில்தான் இல்லை? அவள் வீட்டுக் கண்ணாடியில் அம்மை போட்ட மாதிரி பொட்டுகள். அதில் பெரிய அரக்குப் பொட்டு ஒன்று, அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், சரியாக அவள் இடது கண்ணை மறைத்தது. தலையைச் சாய்த்தாள். கண் தெரிந்தது. நிமிர்ந்தாள். மறைந்தது.

சீப்பு தலையிலேயே நின்றுவிட்டது.

ஆயுத பூஜையன்று இயந்திரங்களையெல்லாம் கழுவித் துடைத்து, மாலை போட்டு, சந்தனக் கிண்ணத்தை அவள் கையில்தான் கொடுத்தார்கள். தலைவியாயிற்றே. பம்ப், தராசு, போர்க்லிப்ட் என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். புதுக் கியர்பாக்ஸுக்கு முன்னால் வந்தபோது அதன் முகத்தில், ஐம்பது காசு நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு இடம், பொட்டுக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. இயந்திரச் சத்தமெல்லாம் ஓய்ந்து மணியோசையும் கற்பூர வாசனையுமாக இருந்த நேரம். யோசிக்கவே இல்லை. சந்தனத்தை வழித்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டாள். அழகாக இருந்தது என்று கிஷன் படம்கூட எடுத்தான்.

அந்த வட்டம்தான் எண்ணெய் அளவு பார்க்கும் கண்ணாடி. பழைய பெட்டியில் அப்படி ஒன்று கிடையாது. பெட்டியின் சூட்டில் சந்தனம் இறுகி ஒட்டிக்கொண்டது. போதாததற்கு, வெள்ளிக்கு வெள்ளி புதுச் சந்தனம் வைக்கச் சொன்னதும் அவளேதான். அன்றிலிருந்து தினம் தினம் அதன் முன்னால் போய் நின்றவளுக்குப் பொட்டு தெரிந்தது, கண்ணாடி தெரியவில்லை.

"அடி பாவி," என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, சடையைக்கூடப் பின்னாமல் மோட்டார்சைக்கிள் சாவியை எடுத்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அர்ஜுனன் கையில் சந்தனக் கிண்ணம். வெள்ளிக்கிழமையாயிற்றே.

"அண்ணே, வைக்காதீங்க. மெஷின நிறுத்துங்க. அந்தப் பொட்டத் தொடைக்கணும்."

அர்ஜுனன் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "என்ன தங்கச்சி பேசற? தீவாளி நேரத்துல வச்ச பொட்ட அழிக்கறதா? இருக்கற கஷ்டம் பத்தாதா நமக்கு?"

"அதுக்குப் பின்னாடி கண்ணாடி இருக்குண்ணே. எண்ண அளவு பாக்கற கண்ணாடி."

"இருக்கட்டும். நான்தான் வெரல விட்டுப் பாக்கறனே."

இவரோடு வாதாடினால் சனிக்கிழமையும் முடிந்து தீபாவளியும் வந்துவிடும் என்று தாட்சாயினிக்குத் தெரியும். தவிர, அவளுக்கும் அந்தப் பொட்டின்மேல் துணியை வைக்கக் கை வரவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"சரி, அழிக்க வேணாம். எடம் மாத்துவோம். மொதல்ல நீங்க மேல, பேர் எழுதியிருக்கில்ல, அங்க புதுசா ஒண்ணு வைங்க. அது வச்சப்புறம் கீழ உள்ளத எடுக்கறேன். ஒரு நிமிஷங்கூடப் பொட்டில்லாம இருக்காது. சரிதானே?"

அர்ஜுனன் கிஷனைப் பார்த்தார். கிஷன் தலையாட்டிவிட்டு மோட்டாரை நிறுத்தினான். மேலே சந்தனம் ஏறியது, குங்குமம் ஏறியது. பிறகுதான் தாட்சாயினி துணியை நனைத்துக் கீழே துடைத்தாள்.

ஓடாமல் நிற்கும்போது எண்ணெய் அந்தக் கண்ணாடியின் பாதியில் ஒரு கோடு போட்ட மாதிரி நிற்க வேண்டும். கோடே இல்லை. அடியிலிருந்து உச்சி வரைக்கும் எண்ணெய், அதுவும் பால் ஊற்றிய காப்பி நிறத்தில், நுரையும் குமிழியுமாக அடைத்துக்கொண்டிருந்தது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பல்லு எண்ணெயில கால நனச்சிட்டு ஓடணும்ணே," என்றாள் தாட்சாயினி. "நாம கழுத்து வரைக்கும் முக்கி வச்சிருக்கோம். கடல்ல கழுத்தளவு தண்ணில ஓடிப் பாருங்க, மூச்சு வாங்காது? அதான் கரண்டு கூட இழுக்குது. எண்ணயக் கடையுது, நொரைக்குது, சூடாகுது, கக்குது. கக்குறதப் பாத்துட்டு நாம மறுபடி ஊத்தறோம்."

அர்ஜுனன் பக்கத்திலிருந்த காலி டின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான்தான் ஊத்தி ஊத்தி..."

"கண்ணாடிய மறச்சது யாரு? நான். ரெண்டு பேரும் சேந்துதான் அதக் குளிப்பாட்டியிருக்கோம். எந்திரிங்க, வேல கெடக்கு."

கிஷனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் அவன் சிரிக்க, அர்ஜுனனுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டேதான் அடி நட்டைக் கழற்றினார்கள். கடைந்து கடைந்து கெட்டுப்போன எண்ணெயை முழுக்க வடித்தார்கள். பக்கத்து மூடியைத் திறந்து, விளக்கடித்து உள்ளே பார்த்தார்கள். குகன் தேய்ந்துபோயிருக்கும் என்று சொன்ன பற்கள் புதுக் கரண்டி மாதிரி பளபளத்தன. தாட்சாயினி ஒவ்வொரு பல்லாகச் சுற்ற வைத்துப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டாள். பிறகு புது எண்ணெய் ஊற்றினார்கள். அர்ஜுனன் ஊற்ற, அவள் கண்ணாடி முன்னால் குந்திக்கொண்டு பார்த்தாள். பாதிக்கு வந்ததும் கையைக் காட்டினாள். அவர் கை நிற்க மனமில்லாமல் நின்றது.

"இவ்ளோதானா? பாக்கவே பாவமா இருக்கே."

"இவ்ளோதான்ணே."

சனிக்கிழமை பொழுது புலர்வதற்குள் லோரிகள் சாலை வரைக்கும் நின்றன. மீன்கடைக்காரர்கள், ஐஸ் போட்ட செண்டோல் பானம் விற்கும் கடைக்காரர்கள், கல்யாண மண்டபத்து ஆட்கள், இவர்களோடு குகனும். வெப்பம் அளக்கும் துப்பாக்கி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஷாருலுக்குப் பக்கத்தில் நின்றான். க்ரஷர் ஓட ஆரம்பித்தது. பனிக்கட்டி உள்ளே விழுந்து, நொறுங்கி, கொட்டியது.

கொஞ்ச நேரத்தில் ஷாருல் கண்ணாடிக்குக் குனிந்தார். குனிந்தவர் பதறிப்போனார். முன்பு பாதியில் நின்ற கோடு அடிக்கு இறங்கியிருந்தது.

"மிஞ்யாக், எண்ணெய் குறைஞ்சிருச்சு. ஊத்துங்க, சீக்கிரம் ஊத்துங்க," என்று மலாயில் கத்தினார். குகன் தாட்சாயினியைப் பார்த்தான். எண்ணெய் டின் அர்ஜுனன் காலடியிலேயே இருந்தது. அத்தனை வருஷத்துப் பழக்கம் அவர் கையை இழுத்தது. விரல்கள் டின்னின் பிடியைத் தொட்டுவிட்டன.

தாட்சாயினி வாயைத் திறப்பதற்குள் அவரே கையை எடுத்துக்கொண்டார்.

"வேணாம் பாஸ்," என்றார். "ஓடும்போது பல்லு எண்ணயத் தூக்கி உள்ள வாரி அடிச்சிட்டிருக்கும். அதான் கண்ணாடில எறங்கித் தெரியுது. நிறுத்துனா பாதிக்கு வந்து நிக்கும். போதும், ஊத்தக் கூடாது."

"போதும்," என்றான் கிஷனும்.

ஷாருல் தாட்சாயினியைப் பார்த்தார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். கணக்கு தப்பாது என்று அவளுக்குத் தெரியும். குகன் அவ்வப்போது துப்பாக்கியை நீட்டி அது காட்டிய வெப்பத்தைப் பார்த்தான். பிறகு அதிகமாக நீட்டவில்லை. அப்புறம் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

லோரி ஒவ்வொன்றாகப் போயிற்று. செண்டோல்காரர் சிரித்துக்கொண்டே போனார். மீன்காரர் ஒருவர், இத்தனை வாரமாக வாயாரத் திட்டியவர், கடைசிக் கூடையை ஏற்றும்போது ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, "இன்னிக்கி என்ன, கோளாறு லீவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வெளியே சாலை காலியானது. க்ரஷர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவர்களாகத்தான் நிறுத்தினார்கள். எண்ணெய்க்கோடு மெல்ல ஏறி, கண்ணாடியின் நடுவில் வந்து நின்றது.

ஷாருல் கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் வந்தார். போன வாரம் தெரியாமல் தொட்டுவிட்டு விரலை உதறிய மனுஷர். கொஞ்சம் தயங்கி, பெட்டியின் பக்கவாட்டில் விரல்நுனியை வைத்தார். பிறகு விரல்களை வைத்தார். பிறகு உள்ளங்கையை முழுசாகப் பதித்து, மாட்டின் முதுகில் வைப்பதுபோல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். எடுக்கவில்லை.

"குகன்," என்றார் கையை எடுக்காமலே. "வந்ததுக்கு நன்றி. உங்க உதவி இனி தேவைப்படாதுன்னு நினைக்கறேன்."

குகன் நல்லவன்தான். போகும்போது தாட்சாயினியிடம் வந்து நின்றான். "பல்லு போச்சுன்னு சொல்லிட்டேன், அக்கா. மூடியத் தொறந்து பாக்காமயே சொல்லிட்டேன்."

"நான் பாத்துட்டே இருந்தும் பாக்கல, தம்பி. தீவாளிக்கு வீட்டுக்கு வாங்க," என்றாள் அவள்.

அவளுக்கு அழுகை வந்தது. அதை அடக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அழுதுகொண்டே சிரித்தாள், தலைவி என்கிற கௌரவமெல்லாம் காற்றில் போக கிஷனின் முதுகில் ஒரு அறை வைத்தாள். அர்ஜுனன் இதெதிலும் கலந்துகொள்ளவில்லை. எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பூட்டினார். திரும்பி வந்து சாவியைத் தாட்சாயினி கையில் கொடுத்தார்.

"நீயே வச்சிக்க, தங்கச்சி," என்றார். "எங்கிட்ட இருந்தா கை நிக்காது."